கப்பலில் வந்த கோதுமை: வெளிநாட்டு உதவி எப்போது சார்பாக மாறுகிறது?

1966-ஆம் ஆண்டில் இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அமெரிக்க விவசாயிகள் ஒரு வருடத்தில் அறுத்த கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நம் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிவைக்க அவகாசம் இல்லை. கப்பலிலிருந்து ரயில், ரயிலிலிருந்து ரேஷன் கடை, அங்கிருந்து அடுப்பு. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று அந்த நிலையை அன்றைக்குச் சொன்னார்கள். கப்பல் தாமதமானால் ரேஷன் ஆட்டம் காணும்.

அந்தக் கோதுமை உயிர்களைக் காப்பாற்றியது. 1966-67 பீகார் வறட்சியின்போது அது வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வெளிநாட்டு உதவியைப் பற்றிய பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. உதவி என்றாலே ஏகாதிபத்தியச் சதி என்பது ஒரு கட்சி. கொடுக்கிறவரைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்பது இன்னொரு கட்சி. ஒரே சட்டத்தின் கீழ் ஒரே களஞ்சியத்திலிருந்து போன உதவி, ஒரு நாட்டில் பதினைந்து வருடத்தில் முடிந்து, வேறொரு நாட்டில் விவசாயத்தையே தின்றுவிட்டது ஏன் என்ற கேள்விக்கு இரண்டு கட்சியிடமும் பதில் இல்லை.

என் பதில் இதுதான்: உதவி கொடுக்கிற தலைநகரத்துக்கும் வாங்குகிற தலைநகரத்துக்கும் ஒருசேர வசதியாக இருக்கும்வரை சார்பு, அதாவது உதவியை நம்பியே வாழும் நிலை, வளர்ந்துகொண்டே போகும். வாங்குகிற அரசு அந்த வசதியை விட்டுவிடத் துணிந்து, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தால்தான் அது முடியும். கொடுக்கிறவர் திடீரென்று கையை இழுத்துக்கொண்டால் சார்பு முடியாது, மனிதர்கள்தான் முடிந்துபோவார்கள்.

கதை அமெரிக்கக் கிடங்குகளில் தொடங்குகிறது. அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு விலை உத்தரவாதம் கொடுத்திருந்தது. கொரியப் போர் முடிந்ததும் தானியத்துக்கான தேவை சரிந்தது, ஆனால் உத்தரவாதம் தொடர்ந்தது. விற்காத கோதுமை அரசின் கையில் மலையாகக் குவிந்தது. அதைப் பாதுகாக்கும் செலவு தனி. 1954 ஜூலை 10 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட 480-ஆம் எண் பொதுச் சட்டம், அதாவது நம்மவர்கள் பி.எல்.480 என்று அறிந்த சட்டம், இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது. டாலர் இல்லாத நாடுகள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்தே அமெரிக்க உபரியை வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தின் நோக்கங்களில் உபரியைக் கழிப்பதும் புதுச் சந்தைகளைப் பிடிப்பதும் வெளிப்படையாகவே இருந்தன. ‘சமாதானத்துக்கான உணவு’ என்ற அழகான பெயர் பின்னால் வந்து, கென்னடி காலத்தில் நிலைத்தது.

டெல்லிக்கு இது ஏன் பிடித்தது? இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் எஃகு, இயந்திரம், மின்சாரம் என்று கனரகத் தொழிலை நோக்கித் திரும்பியிருந்தது. தொழிலாளர் கூலி குறைவாக இருக்க வேண்டுமென்றால் நகரத்தில் சாப்பாடு மலிவாகக் கிடைக்க வேண்டும். அந்நியச் செலாவணியோ கையில் இல்லை. ரூபாய்க்குக் கோதுமை கிடைக்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1956 ஆகஸ்டில் முதல் ஒப்பந்தம். 1960 மே மாதம் உணவு அமைச்சர் எஸ்.கே.பாட்டீல் வாஷிங்டன் போய் ஐசனோவருடன் கையெழுத்திட்டது மிகப் பெரியது: நான்கு வருடத்தில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. பஞ்சத்துக்கான அவசர உதவியாக இல்லாமல், திட்டமிட்ட வருடாந்திர வரவாகவே அது ஆகிவிட்டது. நம் விவசாயிக்கு நல்ல விலை கொடுத்து உற்பத்தியைக் கூட்டும் வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்கும் கிடைத்தது. மலிவான இறக்குமதி உள்ளூர் விலையை எவ்வளவு அமுக்கியது என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ரேஷன் கடை வழியாகப் போன கோதுமை, வாங்க வக்கில்லாதவர்களைத்தான் அதிகம் சென்றடைந்தது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. என் குறை விலையைப் பற்றியதைவிட, அந்தத் தள்ளிப்போட்ட பத்து வருடங்களைப் பற்றியது.

அப்புறம் அந்த ரூபாய். இந்தியா கொடுத்த ரூபாய் அமெரிக்காவுக்குப் போகவில்லை, போகவும் முடியாது. அமெரிக்க அரசின் பெயரில் இங்கேயே கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதியை இந்திய அரசுக்கே வளர்ச்சித் திட்டக் கடனாகத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒரு பகுதி தூதரகச் செலவுக்குப் போனது. இன்னொரு சிறு பகுதி, 1962 முதல், இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பப் பயன்பட்டது. சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் புத்தகச் சேகரிப்புக்குப் பின்னால் இந்தக் கோதுமைப் பணம் இருக்கிறது. ஆனால் கணக்கின் மொத்த அளவு பயமுறுத்தும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு வெளிநாட்டு அரசு நம் நாணயத்தில் இவ்வளவு பெரிய தொகைக்குச் சொந்தக்காரராக இருப்பது இரண்டு பக்கத்துக்கும் தர்மசங்கடமாகிப்போய், 1974 பிப்ரவரியில் இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலை எழுதி இந்திய அரசிடமே கொடுத்தார். உலகத்திலேயே மிகப் பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் அது ஏறியது.

சார்பின் உண்மையான விலை 1965-ல் தெரிந்தது. பருவமழை பொய்த்தது. 1964-65-ல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல், மறுவருடம் 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். பழைய நான்கு வருட ஒப்பந்தம் முடிந்திருந்த நேரம் அது. புதிதாக நீண்ட ஒப்பந்தம் போட அதிபர் லிண்டன் ஜான்சன் மறுத்தார். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு கப்பலையும் தன் ஒப்புதலோடு விடுவித்தார். குட்டைக் கயிறு என்றே இந்தக் கொள்கைக்கு வாஷிங்டனில் பெயர். பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டதெல்லாம் இந்த நாட்களில்தான்.

ஜான்சன் என்ன எதிர்பார்த்தார்? இரண்டு விஷயங்கள். ஒன்று, இந்தியா தன் விவசாயத்தைச் சீர்செய்ய வேண்டும். இரண்டு, வியட்நாம் போரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. முதலாவதைக் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. இரண்டாவது, பசித்த நாட்டின் வாயைக் கட்டும் வேலை. 1966 ஜூலையில் இந்திரா காந்தி மாஸ்கோவில் வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது வாஷிங்டன் கொதித்தது. ஒரு பக்கம் பீகாரில் வயல்கள் காய்ந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் அடுத்த கப்பலுக்கான உத்தரவு வருமா வராதா என்று டெல்லி காத்திருந்தது. இதை எந்தப் பெரிய இலட்சியத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

விவசாய நிபந்தனையின் கதை வேறு மாதிரி. 1964-ல் உணவு, வேளாண் அமைச்சராகப் பொறுப்பேற்ற சி.சுப்பிரமணியம், அமெரிக்கர்கள் கேட்பதற்கு முன்பே அதையெல்லாம் செய்ய விரும்பினார். விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, வீரிய விதை, உரம், ஆராய்ச்சி. அவருக்கு டெல்லியிலேயே எதிர்ப்பு இருந்தது. உரம் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியை அள்ளிக் கொடுக்க நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி தயாராக இல்லை. சென்னை மாநிலத்திலிருந்து போன இரண்டு அமைச்சர்கள் இந்த வாதத்தின் இரண்டு முனைகளில் நின்றார்கள். 1965 நவம்பரில், உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பின் மாநாட்டுக்காக ரோம் போயிருந்த சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். விவசாய முதலீட்டைக் கூட்டுவது, உரத் தொழிலில் தனியார் முதலீட்டுக்குக் கதவைத் திறப்பது, இதெல்லாம் அதில் இருந்தன. அன்றைக்கு அதைப் பொதுவில் அறிவிக்கவில்லை. நாட்டை விற்றுவிட்டார்கள் என்று எழுந்த கூச்சலையும், அமெரிக்கா சொன்னதால்தான் இந்தியா திருந்தியது என்ற பெருமையடிப்பையும் நான் ஏற்கவில்லை. உள்ளே ஒருவர் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்த கதவை வெளியிலிருந்தும் ஒருவர் தள்ளினார். உள்ளே ஆள் இல்லாத நாடுகளில் அதே நிபந்தனைகள் காகிதத்தோடு போயின.

வெளியிலிருந்து மட்டும் தள்ளியதற்கு உதாரணமும் அதே காலத்தில் உண்டு. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. உலக வங்கியும் அமெரிக்காவும் கொடுத்த அழுத்தம் ஊரறிந்தது. பதிலுக்கு எதிர்பார்த்த பெரிய உதவியோ சொன்ன அளவுக்கு நீடித்து வரவில்லை. அந்தக் கசப்பு அடுத்த கால் நூற்றாண்டு இந்தியப் பொருளாதாரக் கொள்கையிலேயே தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த நெருக்கடிக்கு ஒரு முகம் உண்டு: அரிசி. 1967 தேர்தலில் இந்தி எதிர்ப்புக்கு அடுத்து மேடைக்கு மேடை பேசப்பட்டது அரிசிப் பஞ்சம்தான். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தைத் தொடங்கியது. பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்ட சுப்பிரமணியம் அதே தேர்தலில் தோற்றுப்போனார். விதை விளைந்து வீட்டுக்கு வர வருடக்கணக்கு ஆகும். வாக்காளருக்கு இன்றைக்கு உலை வைக்க வேண்டும். உதவியை விட்டு வெளியேறும் முடிவை எந்த அரசும் சுலபமாக எடுக்காததற்கு இது ஒன்றே போதிய விளக்கம்.

ஆனாலும் வெளியேறினார்கள். எப்படி என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மெக்சிகோ விதை வந்தது, விளைச்சல் பெருகியது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இந்தியா வாங்கியது. அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள் அவை. எம்.எஸ்.சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் அவற்றை இந்த மண்ணில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். சுப்பிரமணியம் டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியையே உழுது புது ரகத்தை விதைத்துக் காட்டினார். ஆனால் விதை மட்டும் இருந்து என்ன பயன்? விளைந்ததை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அதே வருடம் வேளாண் விலை ஆணையம். 1960-ல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தேர்ந்தெடுத்த தீவிர வேளாண் மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சை ஏற்கெனவே இருந்தது. ஆடுதுறை 27 நெல் அங்கே பரவியது. விலை, கொள்முதல், கிடங்கு, ரேஷன் கடை, ஆராய்ச்சிப் பண்ணை என எல்லாம் நம் அரசின் கையில் இருந்தன. விதையும் பணமும் நிபுணரும் வெளியிலிருந்து வந்தாலும், அவர்கள் போன பிறகு நடத்த இங்கே அமைப்பு இருந்தது. 1967-68-ல் தானிய விளைச்சல் 9.5 கோடி டன். 1971 முடிவோடு பி.எல்.480 சலுகைக் கோதுமை இறக்குமதியை இந்தியா நிறுத்தியது. வங்கதேசப் போரின்போது அமெரிக்கா உதவியை முடக்கியபோது, 1965-ல் நடுங்கியதுபோல் டெல்லி நடுங்கவில்லை.

இதற்கும் விலை கொடுத்தோம். நிலத்தடி நீர், மண், இறக்குமதி உரம். பொட்டாஷுக்கு இன்றும் முழுக்க வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். ஆனாலும் ஒரே ஒரு அதிபரின் மனநிலையை நம்பி இருப்பதும், பல நாடுகளிடம் காசு கொடுத்து வாங்குவதும் ஒன்றல்ல.

வெளியேற அவகாசம் கிடைக்காதவர்களும் உண்டு. வங்கதேசம் பிறந்து மூன்று வருடம்கூட ஆகாத 1974-ல், அந்த நாடு 40 லட்சம் சணல் சாக்குகளைக் கியூபாவுக்கு விற்றிருந்தது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்கு பி.எல்.480 உணவு கிடையாது என்பது சட்டம். வெள்ளமும் விலையேற்றமும் சேர்ந்து கூலி ஏழைகளைச் சாய்த்துக்கொண்டிருந்த மாதங்களில் உணவுக் கப்பல்கள் தடைபட்டன. வங்கதேசம் கியூபா ஏற்றுமதியை நிறுத்தியது. தானியம் வந்து சேர்ந்தபோது பஞ்சத்தின் உச்சம் கடந்துவிட்டது. அரசின் கணக்கே சுமார் 26,000 சாவு என்கிறது, ஆய்வாளர்களின் கணக்கு அதற்குப் பல மடங்கு. இலங்கைக்கும் இப்படி ஒரு அனுபவம் உண்டு. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளை எடுத்துக்கொண்டு நஷ்டஈட்டை இழுத்தடித்ததற்காக, 1963 பிப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது.

கரீபியன் நாடான ஹைட்டியின் கதைதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. 1980களின் தொடக்கம்வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்ட நாடு அது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்குதான் அதன் நெற்களஞ்சியம். 1986-ல் துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம் விழுந்த பிறகு சந்தையைத் திறக்கும் நிபந்தனைகள் வந்தன. 1995-ல் அரிசி மீதான இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி வெள்ளமாக உள்ளே வந்தது. மக்கள் அதை மியாமி அரிசி என்றார்கள். உள்ளூர் நெல் விவசாயி அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிலத்தை விட்டு நகரத்துக்குப் போனார். இன்று ஹைட்டி சாப்பிடும் அரிசியில் சுமார் 80 சதவீதம் இறக்குமதி. 2008-ல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது கலவரம் வெடித்து, பிரதமர் அலெக்சியின் பதவியே பறிபோனது.

2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதே வருடம் மார்ச்சில் முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழு முன்பு, அந்த வரிக் குறைப்பு தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஹைட்டிக்குச் செய்யவில்லை, அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதே மாதத்தில் ஹைட்டி அதிபர் ரெனே பிரேவால், உணவாக அனுப்புவதை நிறுத்துங்கள், எங்கள் விவசாயிகளும் வியாபாரிகளும் எழுந்து நிற்கட்டும் என்று வாஷிங்டனில் கேட்டார். பசியில் இருந்த ஒரு நாட்டின் தலைவர் இப்படிக் கேட்கும் நிலை வந்ததை அங்கே எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்?

காதில் வாங்காததற்குக் காரணம் உண்டு. உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்கிறது அவர்கள் சட்டம். தானியமும் பெரும்பாலும் அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும். பசித்த நாட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கிக் கொடுத்தால் சீக்கிரமும் போய்ச் சேரும், மலிவாகவும் முடியும், அந்தப் பகுதி விவசாயிக்கும் காசு போகும். உதவிப் பணத்தில் கால் பங்கையாவது அப்படிச் செலவழிக்க அனுமதி கொடுங்கள் என்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நிர்வாகம் திரும்பத் திரும்பக் கேட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுத்தது. தானிய வியாபாரிகள், கப்பல் கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள் என மூன்று தரப்புக்கும் பழைய முறையில் பிழைப்பு இருந்தது. பல தொண்டு நிறுவனங்கள் அமெரிக்கத் தானியத்தை ஏழை நாட்டுச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில்தான் தங்கள் திட்டங்களை நடத்தின. நம் பள்ளிக்கூடங்களில் பால் பவுடரும் கோதுமையும் கொடுத்து அந்தத் தலைமுறைக்குப் பழக்கமான ‘கேர்’ நிறுவனம், 2007-ல் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. வருடத்துக்குச் சுமார் 4.5 கோடி டாலர் வருமானத்தை விட்டுக்கொடுத்த முடிவு அது. அந்த நேர்மைக்கு என் மனமார்ந்த மரியாதை.

இப்போது 2025-க்கு வருவோம். ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்துவிட்டதாக வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த நிறுவனம் வெளிநாட்டு உதவி கொடுப்பதை நிறுத்தியது. உதவி சார்பை வளர்க்கிறது என்று வருடக்கணக்காக வாதாடியவர்கள் சிலர் இதை வரவேற்றார்கள். என்னால் முடியவில்லை. எச்.ஐ.வி. மருந்தை தினமும் சாப்பிட வேண்டிய ஒருவரிடம் போய், உங்கள் நாடு தற்சார்பு பழக இது நல்ல வாய்ப்பு என்று யார் சொல்வது? 1965-ல் ஜான்சன் மாதாமாதம் கப்பலை நிறுத்தி மிரட்டினார், ஆனால் கப்பல் வந்தது.

இந்த அதிர்ச்சி எல்லா நாட்டையும் ஒரே மாதிரி தாக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். உலகிலேயே அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகள் இருக்கும் தென் ஆப்பிரிக்கா, மருந்துகளைத் தன் சொந்தப் பட்ஜெட்டில் வாங்குகிறது. எச்.ஐ.வி. செலவில் அமெரிக்கப் பங்கு சுமார் 17 சதவீதம்தான். அங்கேயும் பரிசோதனைப் பணியாளர்களும் சமூக நலப் பணியாளர்களும் வேலை இழந்தார்கள், சிறப்பு மையங்கள் மூடப்பட்டன. ஆனால் மருந்து நிற்கவில்லை. மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகள் மருந்துக்கே வெளியாரை நம்பி இருந்தன. பொது பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அந்த அளவை எட்டவே இல்லை. வாஷிங்டன் பணம் வந்துகொண்டிருந்தவரை எட்ட வேண்டிய அவசரமும் இல்லை. 1950களின் டெல்லி செய்த அதே தள்ளிப்போடல்தான். உதவி நின்ற சில வாரங்களில் நைஜீரிய நாடாளுமன்றம் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்தை முன்பே ஒதுக்கியிருக்கலாம் என்ற கேள்வியை நைஜீரியர்கள் தங்கள் அரசிடம் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இப்போது அமெரிக்கா ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகச் சுகாதார ஒப்பந்தம் போட்டுவருகிறது. தன் பங்கைப் படிப்படியாகக் குறைப்பதும், அந்த நாடு தன் பட்ஜெட்டில் கூட்டுவதும் அவற்றின் அடிப்படை. 2025 டிசம்பரில் கென்யா முதலில் கையெழுத்திட்டது. படிப்படியாகக் கைமாற்றுவது சரியான வழி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் சுகாதாரத் தகவல்களைப் பகிரும் பகுதியும் இருந்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட, கென்ய உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே அந்தப் பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. பேரத்தில் மருந்துக்குப் பதிலாக எதைக் கேட்டார்கள் என்பதைக் கென்ய மக்கள் தெரிந்துகொண்டது கையெழுத்து போட்ட பிறகுதான். அடுத்து வரிசையில் நிற்கும் நாடுகளின் நாடாளுமன்றங்களாவது அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.